துண்டு போட்ட பெட்டி

இப்போதெல்லாம் எது கெட்டுப்போனாலும் முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மூஞ்சியைத்தான் பார்க்கிறார்கள். பொருளைப் பார்ப்பதில்லை. அதிலும் பக்கத்தில் இருப்பவன் நாலாம் வகுப்போடு நின்றவனாக இருந்துவிட்டால் தேடுகிற வேலையே மிச்சம். கிழவர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கணினி மேசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மருமகனின் முதுகைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

முப்பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவர். பார்வை போதாது என்று லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, மகள்தான் இந்த லாரி கேமைப் போட்டுக்கொடுத்தாள். மேசையில் இறுக்கியிருந்த சின்ன ஸ்டியரிங்கை முதல் நாள் கேலி செய்தார். இரண்டாம் நாள் காலையிலேயே குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போன வாரம் மருமகன், கேம் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்று, கணினியின் ரேமை, அந்த நினைவகச் சில்லை, அதன்மேல் எழுதியிருந்த வேகத்துக்கும் மேலே ஏற்றிவிட்டார். நேற்று மதியம், ஆயிரத்து நூறு கிலோமீட்டர் கண்ணாடி லோடோடு வந்து மலை இறங்கும்போது, கடைசி வளைவில் திரை நீலமாகிச் செத்தது.

மகள் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "என்னத்தப்பா அமுக்குனீங்க?"

இரண்டாவதாகச் சொன்னதுதான் உள்ளே போய்த் தைத்தது. கொஞ்ச நாளைக்கு அதைத் தொடாமல் இருங்கள் என்றாள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்ட அதிகாரியும் இப்படி மெதுவாகத்தான் பேசினார்.

இன்று விடுமுறை. காலையிலிருந்து மருமகன் ரேமைச் சோதிக்கும் ப்ரோகிராமை ஓட்டிக்கொண்டிருந்தார். கணினிப் பெட்டியின் பக்கத் தகடு கழற்றிக் கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. மேலே ஃபேன் முழு வேகத்தில். மூன்று மணி நேரம் கழித்து, பிழை ஒன்றுகூட இல்லை, பூஜ்யம் என்று திரையைத் திருப்பிக் காட்டினார். எந்திரம் யோக்கியம், அப்படியானால் அயோக்கியன் யார் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிழவர் நேற்றிலிருந்து ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தார். ஓட்ட உட்காரும்போதெல்லாம், தூசி இறங்கக் கூடாதென்று, தோளில் கிடக்கும் துண்டை மடித்துப் பெட்டியின் தலையில் போடுவது அவர் வழக்கம். சொன்னால் மாட்டிக்கொள்வோம். சொல்லாமலும் மாட்டிக்கொண்டுதானே இருக்கிறோம். எழுந்தார். தகட்டை எடுத்து மாட்டினார், ஜன்னலைச் சாத்தினார், ஃபேனை நிறுத்தினார், துண்டை மடித்து மேலே போட்டார்.

"இப்ப ஓட்டுங்க மாப்ள. கேமையும் சேத்து ஓட்டுங்க."

மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துண்டப் போட்டா சூடாகாம என்ன மாமா பண்ணும்? காத்து வெளிய போற வழியே அதுதான்."

"நான்தான் போட்டேன். நாளைக்கும் போடுவேன். வெறும் வண்டிய சமதரையில ஓட்டிக் காட்டி, பிரேக் நல்லாப் பிடிக்குதும்பீங்க, நான் தலையாட்டணுமா?"

மகள் கதவருகே வந்து நின்றாள். "அப்ப உங்களாலதான்னு ஒத்துக்கறீங்க."

"ஒரு துண்டுக்குச் செத்துப்போற எந்திரத்த வச்சுக்கிட்டு, என்னையத் தொடாதேங்கற பாரு, அத ஒத்துக்க மாட்டேன்."

நாற்பதாவது நிமிடம் திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது. பிழை ஒன்று. கோடியில் ஒன்றுதானே என்று மருமகன் இழுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். ரேமின் வேகத்தை ஒரு படி இறக்கினார். துண்டு, சாத்திய ஜன்னல், கேம், எல்லாவற்றோடும் மறுபடி ஓட்டினார். மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது. யாரும் ஃபேன் சுவிட்சின் பக்கம் போகவில்லை. இன்னொரு மூன்று மணி நேரம். பூஜ்யம்.

மகள் நாற்காலியை இழுத்து ஸ்டியரிங்குக்கு நேராகப் போட்டாள். "வந்து உக்காருங்கப்பா." குரல் இறங்கியிருந்தது.

கிழவர் குனிந்து, கண்ணை இடுக்கி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். காலையில் வந்ததும் இதே வட்டம்தான். ஒரு நெளிவுகூட மாறவில்லை.

"காலையிலயும் இது முட்டைதான் போட்டுச்சு" என்றார்.

சொல்லிவிட்டு நடந்தார். துண்டை எடுத்துக் கொடுக்க மருமகன் கை நீட்டியதை வாசலில் திரும்பிப் பார்த்து, "அது அங்கயே கெடக்கட்டும்" என்றார். வெறும் தோளோடு வெளியே போனார். திரையில், நேற்று நின்றுபோன அதே மலை வளைவில், கண்ணாடி லோடோடு லாரி உறுமிக்கொண்டே நின்றது. அதன் இடப்பக்க விளக்கு, ஆள் ஏறக் காத்திருப்பதுபோல், அணைந்து அணைந்து எரிந்தது.