ஒரு குறையுமில்லாத கந்தோர்

காலையிலிருந்து எல்லாரும் தன்னைப் புகழ்ந்துகொண்டே இருந்ததில் றம்லத்துக்கு அழுகை வரும்போல் இருந்தது.

வெளிவிவகார அமைச்சின் கண்டிக் கிளைக் கந்தோரில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அவள் ஒருத்திதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் சம்பளமில்லாமல் மாட்டிக்கொண்டாலும், செத்துப்போனாலும், சத்தமில்லாமல் காணாமல் போனாலும், மடுல்கெல்லயிலும் நாவலப்பிட்டியிலும் இருக்கிற தாய்தகப்பன் அவளுடைய கருமபீடத்துக்குத்தான் வரவேண்டும். வந்தவரோடு பேசினால் தொலைபேசி அடித்து ஓயும். தொலைபேசியை எடுத்தால் வரிசை வாசலைத் தாண்டும். இன்னொரு ஆள் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் கொழும்பிலிருந்து விஜேகோன் என்ற பணிப்பாளர் வந்து இறங்கினார். எந்தக் கிளைக்கு ஆள் போதாது என்று பார்ப்பது அவர் வேலை. கையில் இருந்ததோ ஒரேயொரு தமிழ் உத்தியோகத்தர் பதவி. அது கண்டிக்கா வேறு ஊருக்கா என்பதை வருகிற சனங்களிடமே கேட்டுத் தீர்மானிக்கப் போவதாகச் சொன்னார். நல்ல மனுஷன்; தமிழ் மட்டும் தெரியாது. ஆகவே மொழிபெயர்க்கிற வேலையும் றம்லத்தின் தலையிலேயே விழுந்தது. சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்று சொல்லித்தான் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அங்கேதான் வந்தது வினை. நம்முடைய சனங்களைக் கந்தோரில் வைத்து என்ன குறை என்று கேட்டால் வாய் திறப்பார்களா? வாசல் தாண்டி, பஸ் ஏறின பிறகுதான் திறக்கும். அக்குறணை முனாப் நானா, மகனுடைய சான்றிதழுக்காகச் செருப்புத் தேய நடந்தவர். அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்லை என்றார். போன கிழமை இதே வரிசையில் நின்று அவர் திட்டியது றம்லத்தின் காதில் இன்னும் இருந்தது. அடுத்து வந்த பாலம்மா ஒருபடி மேலே போய் றம்லத்தைக் கும்பிட்டே விட்டாள்.

விஜேகோனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. தேநீர் வேளையில், இவ்வளவு நன்றாக நடக்கிற கிளையைத் தான் கண்டதில்லை, இங்கே இன்னொரு ஆளைப் போட்டால் மற்ற ஊர்க்காரர் தன்னைச் சும்மா விடமாட்டார்கள் என்று மனமாரப் பாராட்டினார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இந்தச் சனமோ பசியோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கடைசியாக வந்தவள் வேலாயி. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். மகள் சிவமலர் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். பொங்கலுக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. இப்போது ஆடியும் முடியப்போகிறது. இவளாவது உள்ளதைச் சொல்லட்டும் என்று றம்லத் மனசுக்குள் துஆக் கேட்டாள்.

வேலாயி கதிரை நுனியில் உட்கார்ந்து விஜேகோனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை, இந்த மிஸ் தங்கமான பிள்ளை என்றாள்.

கொஞ்சம் மாற்றிச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, வேலாயி சொன்னதைச் சொன்னபடியே றம்லத் சிங்களத்தில் சொன்னாள்.

விஜேகோன் பேனாவை மூடினார். எழும்பப் போனவர், கோப்பைப் பார்த்து, மரியாதைக்காக, அப்படியானால் மகளின் காரியம் முடிந்ததுதானே என்று கேட்டார். அதை றம்லத் தமிழில் சொன்னதும் வேலாயி முந்தானையைத் திருகினாள். பிறகு அவரைப் பார்த்தே கேட்டாள்.

"நான் உள்ளதச் சொன்னா இந்தப் புள்ளய வேலையிலருந்து நிப்பாட்டிருவீங்களாங்க?"

அப்போதுதான் றம்லத்துக்கு விளங்கியது. தோட்டத்துக்குப் பெரிய தொரை வந்து கேள்வி கேட்டால் பொழுது சாயுமுன் யாருக்காவது வேலை போகும். கொழும்புத் தொரையைக் கண்டதும் வரிசையே பேசிவைத்துக்கொண்டு அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அவர்கள்மேல் கோபப்பட்டதற்கு அவள் வெட்கப்பட்டாள். தனக்காகக் கேட்கப்பட்டதைத் தானே சிங்களத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள். விஜேகோன் திகைத்துப்போய், தான் இருக்கிற ஆளை எடுக்க வரவில்லை, கொடுக்க வந்தவன் என்றார்.

வேலாயி கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கூட்டிக்கொண்டு போய்விடு அம்மா என்று மகள் அழுததுதான் கடைசிப் பேச்சு என்றாள். பிறகு குரல் உயர்ந்தது.

"லயத்துலருந்து எத்தன தடவ போன் போட்டேன். இந்தப் புள்ள எடுக்கவேயில்லைங்க. எம்மக கதய கேக்க நாதியில்லன்னு அழுதுகிட்டே கொழுந்தெடுக்க மலைக்குப் போனேன்."

றம்லத்துக்குச் சுருக்கென்றது. அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். ஏன் எடுக்கவில்லை என்று விஜேகோன் றம்லத்திடமே திரும்பிக் கேட்டார். காலையிலிருந்து வந்த பழக்கத்தில் அவள் அந்தக் கேள்வியையும் தமிழாக்கி வேலாயியிடம் சொல்லிவிட்டாள்.

"எப்பிடிங்க எடுப்பா?" என்றாள் வேலாயி. "நான் இந்தக் கதிரையில ஒக்காந்து அழுதப்பவும் அந்த போனு அடிச்சிக்கிட்டேதான் கெடந்திச்சி. அதுல எந்தத் தாயோ."

றம்லத் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தாள். விஜேகோன் மூடின பேனாவைத் திறந்தார். அந்நேரம் கருமபீடத்தில் தொலைபேசி அடித்தது.

"போய் எடுங்க மிஸ்," என்றாள் வேலாயி. "நான் இருக்கேன்."