காதுக்கு எட்டிய கை

செத்தவர்களுக்குக் காது கேட்காது. மனித குலம் இதுவரை கண்டுபிடித்ததிலேயே உறுதியான உண்மை இது ஒன்றுதான் என்று, சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் வெற்றிச்செல்வன் அம்மாவின் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அறிவித்தான்.

காரணம், சித்தி நாகவல்லி. பெட்டியைத் திறக்கச் சொல்லி, அம்மாவின் காதருகே குனிந்திருந்தாள்.

"புதங்கெயம சின்னவனுக்கு கேசுக்கா. நீ இல்லாம யாரு சொல்லுவா? வந்துடுக்கா."

"இன்னா சித்தி, சம்மன் குடுக்கிறியா? கையெய்த்து வாங்கிக்கோ."

"வாய மூட்றா, வக்கீலு."

தம்பி உதயகுமார் அடிதடி வழக்கில் உள்ளே இருந்தான். அடிபட்டவன் செத்துவிட்டான். சம்பவத்தன்று உதயாவுக்குப் பதினேழு. பள்ளிச் சான்றிதழில் பதினெட்டு. சென்னீர்குப்பத்துச் செங்கல் சூளையில் பிறந்தவனுக்கு வேறு பதிவு கிடையாது. அம்மா அம்பத்தூருக்குக் கம்பெனி வேலைக்குப் போக, அவனை ஒரு வருஷம் முன்னாலேயே பள்ளியில் தள்ளியிருந்தாள். தலைக்கு மேலாகக் கையைப் போட்டு எதிர்க் காதைத் தொட்டால் ஐந்து வயது என்பது அங்கே கணக்கு. எட்டாத கையை அம்மாதான் வாத்தியாருக்குத் தெரியாமல் இழுத்துப் பிடித்தாள். கூண்டில் ஏறி அதைச் சொன்னால் பையன் சிறார் வாரியத்துக்குப் போவான், இல்லாவிட்டால் பெரியவர்களோடு ஜெயில்தான் என்றார் வக்கீல். சொல்ல இருந்தவள் இன்று விடிகாலையில் போய்விட்டாள்.

மார்பின்மேல் துணியால் சேர்த்துக் கட்டிய அம்மாவின் கட்டைவிரல்கள் இரண்டு முறை அவிழ்ந்தன. இரண்டு முறையும் வலது கை மேலே ஏறியிருந்தது.

"ஐஸ்ல நரம்பு இழுக்கும்," என்றான் வெற்றி. எந்தச் சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மதியம் போலீஸ் வேனில் உதயா வந்தான். பனி படிந்த கண்ணாடியைத் துடைத்தான். அம்மாவின் வலது கை உச்சந்தலையைத் தாண்டி, விரல்கள் இடது காதின் மேல் இருந்தன.

"அன்னிக்கு இப்டித்தாண்ணா என் கைய இஸ்துச்சு."

கூட வந்த காவலர் தன்னையறியாமல் தன் காதைத் தடவிக்கொண்டார்.

வெளியே மேளம் தொடங்கியதும் எல்லாரும் பாடை பார்க்கப் போனார்கள். மாலையைச் சரிசெய்வதாகச் சொல்லி வெற்றி பின்தங்கினான். மூடியைத் திறந்து குனிந்தான். காதை மறைத்திருந்த விரல்களை மெல்ல விலக்கினான்.

"புதங்கெயமம்மா. பூந்தமல்லி கோர்ட்டு. மாடில."

விரல்களைத் திரும்பவும் காதின் மேலேயே வைத்தான். கட்டுத்துணியை மறுபடி கட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.