சேஷு சாரின் ‘தேவையில்லை’ டப்பா

சேஷு சாருக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கத் தெரியாது. விலாசத்தைப் படிக்கத்தான் தெரியும். புனேயில் பால்வினை நோய்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் பத்து வருஷமாக அவர் கிழித்த கிழி அதுதான். சிபிலிஸ் என்று சந்தேகம் வந்த சீட்டில் கசார்வாடி குடிசைப் பகுதி என்றிருந்தால் ‘வீட்டுக்குப் போய்ப் பார்’ டப்பா. அவரே குடியிருந்த கோர்படி குவார்ட்டர்ஸ் என்றிருந்தால் ‘தேவையில்லை’ டப்பா. கிருமியை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவான் என்று நினைப்பு போலிருக்கிறது.

வீடு வீடாக அலையும் சுகாதாரப் பணியாளர் வேதநாயகி, 1998 ஜூலையில் ஒருநாள் அந்த ‘தேவையில்லை’ டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். ப்ரீதி, இருபத்தாறு வயது, ஆறு மாசக் கர்ப்பம், ரத்தத்தில் நோய் காட்டும் அளவு பதினாறு. எட்டைத் தொட்டாலே விசாரிக்க வேண்டும். கர்ப்பிணி என்றால் எந்த அளவானாலும் விடக்கூடாது. சுவரில் சேஷு சாரே ஒட்டிய அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. இப்போதே பென்சிலின் போட்டால் பிள்ளை பிழைக்கும்.

“சார், இது எப்படி இங்க வந்துச்சு?”

“அரே, மேஜர் ஆத்துப் பொண்ணும்மா. நல்ல குடும்பம். கர்ப்பத்துல சில பேருக்குப் பொய்யா காட்டும். சோட் தோ, விட்டுடு.”

“கசார்வாடிப் பொம்பளைங்களுக்கு மட்டும் பொய்யா காட்டாதா?”

அவர் டீயை உறிஞ்சினார். வேதநாயகி பேனாவை நீட்டினாள்.

“பாக்கத் தேவையில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் பேசாம போயிடறேன்.”

கையெழுத்து என்றதும் பெரிய மனுஷர் சுருங்கிப்போனார். “சரி சரி, போய்ப் பாத்துட்டு வாயேன். எதுக்கு சண்டை?”

தூ! இவ்வளவுதானா இந்தாளின் தைரியம்? அவள் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். அடியிலிருந்து ஒரு சீட்டு மேலே வந்தது. பாமா, கோர்படி குவார்ட்டர்ஸ், அளவு முப்பத்திரண்டு, எட்டு மாசம். மார்ச் மாதத் தேதி.

“இந்த பாமா யாரு சார்?”

சேஷு சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “எங்க மாடி வீடும்மா. குழந்தை செத்துப் பொறந்துது. நானும் ஆத்துக்காரியும் போய்த் துக்கம் விசாரிச்சுட்டு வந்தோம்.” சீட்டையே வெறித்துப் பார்த்தார். “நான் பேரைப் பாக்கலையேம்மா...”

“விலாசத்தைப் பாத்தீங்கல்ல?”

பாமாவுக்கும் அவள் புருஷனுக்கும் இனியாவது ஊசி போட வேண்டும். வேதநாயகி இரண்டு சீட்டுகளையும் பையில் வைத்துக்கொண்டு குடையை எடுத்தாள்.