முக்கால் மாற்று

1

இந்தக் கதை எனக்கு ஒரு நகைக்கடையில் கிடைத்தது. முந்தைய நான்கு பிரதிகளையும் "ஒரு நண்பர் சொன்னது" என்றுதான் ஆரம்பித்திருந்தேன். அப்படி ஒரு நண்பர் கிடையாது. 2009 பிப்ரவரி, காரைக்கால், அம்பலவாணன் கடை. நானே அங்கே இருந்தேன்.

2

கடற்காற்று சிலுசிலுவென்று வீசிய அந்த மாலையில், அல்லி தன் கழுத்துச் சங்கிலியை மெல்ல

(வேண்டாம். காலை பதினொரு மணி. கரண்ட் இல்லை, ஃபேன்கூட ஓடவில்லை. சங்கிலி சுருக்குப் பையில் இருந்தது.)

மறுபடியும். அல்லி மண்டபத்தூர்க்காரி, மீன் விற்பவள். புருஷன் முத்தையனின் ஃபைபர் படகில் எஞ்சின் போய்விட்டது. பழைய எஞ்சின் ஒன்றாவது வாங்காவிட்டால் சொந்தப் படகைக் கரையில் போட்டுவிட்டு அடுத்தவர் படகில் கூலிக்குப் போகவேண்டும். உலகமெல்லாம் தொழில் படுத்துக் கிடந்த நேரம். ஏலத்தில் இறாலைச் சீந்த ஆளில்லை. தங்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்தத் தைரியத்தில்தான் வந்திருந்தாள்.

3

சங்கிலி வந்த வழியைச் சொல்லவேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை இங்கே சொல்தா என்போம். குஞ்சம்மா ஒரு சொல்தாவின் விதவை. படுக்கையில் விழுந்த அவரை அல்லிதான், அம்மா அம்மா என்று, பதினொரு வருஷம் பார்த்துக்கொண்டாள். கடைசி வாரத்தில் தன் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி அல்லிக்குப் போட்டுவிட்டார்.

அது பிரான்சு நகை. அதனால் உசத்தி என்று அல்லி நினைத்தாள். கஷ்டம் வந்தபோதெல்லாம் தோடு, மோதிரம் என்று ஊர்த் தங்கத்தை முதலில் விற்றாள். உசத்தியானதைக் கடைசிக்கு வைத்தாள்.

(அங்கே நல்ல நகையையே பெரும்பாலும் முக்கால் பங்கு தங்கத்தில்தான் செய்கிறார்கள். ஆயிரத்தில் எழுநூற்றைம்பது. கொக்கியில் 750 என்று முத்திரை இருக்கும். நம் ஊரில் அதற்குப் பெயர் மாற்றுக் குறைச்சல். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சொல்தா வீடுகளுக்குப் பென்ஷன் காகிதம் எழுதுவதுதான் என் பிழைப்பு.)

4

அம்பலவாணன் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார்.

"மாத்து கம்மிம்மா. பாதிதான் தங்கம். பாதி வெலதான் போடமுடியும்."

"பிரான்சு நகைங்க அது."

"ஏன், பிரான்சுல செம்பு கெடைக்காதா?"

அல்லி என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க அந்த ஊருக்குக் காயிதமெல்லாம் எழுதுறவங்க. அம்மா வூட்டுக்குக்கூட வருவீங்கள்ல. கொக்கியில என்னமோ போட்டிருக்கு, பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். 750. பளிச்சென்று இருந்தது. முக்கால் விலை கிடைத்தால் பழைய எஞ்சின் வந்துவிடும், பாதிக்கு வராது. அம்பலவாணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேஞ்சு போயிருக்கும்மா. ஒண்ணும் தெரியல," என்றேன்.

(என் மனைவியின் வளையல்கள் அவரிடம் அடகில் இருந்தன. தவணை தாண்டி மூன்று மாதம். உருக்கிவிடாதீர்கள், இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பயந்தேன். நான்காம் பிரதியில் "சூழ்நிலைக் கைதி" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

அல்லி விலையைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை. "பதினோரு வருசம் பீ மூத்திரம் அள்ளுனேன் சார். சிரிச்சிக்கிட்டே கழுத்துல போட்டுவுட்டுச்சே அந்தப் பொம்பள," என்றாள்.

அதுவரை அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

நான் உண்மையைச் சொல்கிறேன். அம்பலவாணன் சரியான விலை போடுகிறார். எஞ்சின் வருகிறது. மூன்றே வரி. படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அல்லி வேறு கடைக்குப் போய் அங்கே (போகவில்லை. போலி என்று நம்பிவிட்ட பொருளை எடுத்துக்கொண்டு இன்னொரு கடைப்படி ஏற யாருக்கு மனசு வரும்? அங்கேயே விற்றுவிட்டுப் போனாள்.)

அம்பலவாணனை முழு வில்லன் ஆக்குவது. முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஆனால் கொக்கியைப் படித்தது அவர் இல்லை.

6

முத்தையன் இப்போது கூலிக்குத்தான் போகிறான். அல்லி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறாள். வீட்டில் மாட்டியிருந்த குஞ்சம்மாவின் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டதாக என் மனைவியிடம் சொன்னாளாம். எஞ்சினுக்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை. படத்தையாவது திரும்ப மாட்டவைக்கலாம். ஒருவர் போய்ச் சொன்னால் போதும். சொல்லத்தான் ஐந்தாறு தடவை வாசலுக்குப் போனேன். மத்தி வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

உங்கள் வளையல் எதுவும் அம்பலவாணனிடம் இல்லை. மண்டபத்தூரில் முத்தையன் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். போய்ச் சொல்லுங்கள், அந்த அம்மா ஏமாற்றவில்லை, தான் போட்டிருந்த நல்ல நகையைத்தான் கழற்றிக் கொடுத்தார் என்று. அல்லி லேசில் விடமாட்டாள். "அப்ப ஏமாத்துனது யாருங்க?" என்று கேட்பாள்.

என் பெயர் பூமிநாதன்.