றஞ்சனியின் எஞ்சின்

ஊர்காவற்றுறையில் வாடகைக் கார் என்றால் அது றஞ்சனியின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்தான். ஓட்டோக்கள் பெருகிவிட்டன, வான்களும் வந்துவிட்டன. என்றாலும் நடக்க ஏலாத நோயாளியைப் பின்சீற்றில் கால் நீட்டி இருத்தி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், கலியாணப் பொம்பிளையைச் சேலை கசங்காமல் கோயில் வாசலில் இறக்க வேண்டுமென்றால், சனம் அவளைத்தான் தேடி வரும்.

அந்தக் கார் போன வருடம் களைக்கத் தொடங்கியது. முதலில் ஒயில் குடித்தது. பிறகு பின்னால் நீலப் புகை விட்டது. வேலணை வயல்வெளியைக் கடக்கும்போது சைக்கிளில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரத்தில் இறங்கி நின்றார்கள். ஒருநாள் பண்ணைப் பாலத்தின் நடுவில், இரத்தம் சுத்திகரிக்கப் போன ஒரு மனிசனை வைத்துக்கொண்டு, கார் அப்படியே நின்றுவிட்டது. வழியில் வந்த ஓட்டோவில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டு, கடற்காற்று முகத்தில் அடிக்க அவள் காருக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். இத்தனை வருடத்தில் ஏற்றிய ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வேலணைச் சந்திக்குக் கிட்ட கராஜ் வைத்திருக்கும் டிலோன் அவளுக்கு இரண்டு வழி சொன்னான். ஒன்று, பழைய எஞ்சினை இறக்கி, பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, சிலிண்டரைக் கடைந்து, திரும்பப் பூட்டுவது. கிழமைக்கணக்கில் கார் நிற்க வேண்டும், சாமானும் தேடிப் பொறுக்க வேண்டும். மற்றது, ஜப்பானில் ஓடிக் கழற்றின எஞ்சின் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பது. அது கியர்ப்பெட்டியோடு முழுதாகப் பூட்டித்தான் வரும். எஞ்சினைத் தாங்குகிற இரும்புகளைக் கொஞ்சம் வெட்டி ஒட்டி வைத்துவிட்டால் அந்தக் கிழமையே ஓடலாம். எது நல்லது என்று கேட்டதற்கு, முந்தியதில் என்ன பழுது என்று தெரியும், பிந்தியதில் தெரியாது, ஆனால் அவசரம் என்றால் பிந்தியதுதான் என்றான்.

றஞ்சனி யோசிக்கவில்லை. கொழும்பு எஞ்சினுக்குச் சொல்லிவிடச் சொன்னாள். கடலுக்குப் போகிற அவளுடைய புருசன் யாகப்புவும் அதுதான் சரி என்றார்.

அந்த நேரத்தில்தான் நோர்வேயிலிருந்து அவளுடைய அண்ணன் எமிலியானுஸ் வருவதாகச் சொன்னான். எண்பதுகளின் கடைசியில் போனவன். அந்த நாட்டின் வடக்குக் கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் நின்று நின்று முதுகு போய், இப்போது ஓய்வில் இருந்தான். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் வருகிறேன் என்பான். இந்த முறை ரிக்கற்றே எடுத்துவிட்டிருந்தான்.

வந்து இறங்கிய அன்று பெட்டியை விறாந்தையில் வைத்துவிட்டு நேரே காரிடம்தான் போனான். அது அவர்களுடைய அப்பா பிலிப்புவின் கார். மீன் வித்துச் சேர்த்த காசில் அவர் வாங்கி, வாடகைக்கு ஓட்டி, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதிலேயே ஓட்டப் பழக்கினார். எமிலியானுஸ் கதவைத் திறந்து சீற்றில் இருந்து ஸ்ரேறிங்கைத் தடவினான். பிறகு பொனற்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு எஞ்சின் போடப்போகிறோம் என்று றஞ்சனி சொன்னதும் அவன் முகம் மாறியது.

“அப்பான்ரை எஞ்சினை எறியப் போறியோ?” என்று கேட்டான்.

அன்று பின்னேரம் முழுக்க அவன் அந்த எஞ்சினைப் பற்றியே கதைத்தான். தான் ஓட்டப் பழகின காலத்தில் தண்ணீர் ஊற்ற மறந்து ஓடி எஞ்சின் சூடேறி வெடிப்பு விழுந்த கதை. அப்பா ஒரு சொல்லும் ஏசாமல், வெடித்த இடத்தைப் பித்தளை உருக்கி ஒட்டுவித்த கதை. எஞ்சினின் ஒரு பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி புகைக்குழாய்க்குக் கீழே, தையல் போட்ட காயம் போல அந்த மஞ்சள் தழும்பு இருக்கும் என்றான். நோர்வேயில் பனி கொட்டுகிற காலங்களில் அந்தத் தழும்பைத்தான் நினைத்துக்கொண்டு கிடப்பானாம். றஞ்சனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அடுத்த கதைக்குப் போய்விட்டான்.

கடைசியில், எஞ்சினைப் பிரித்தாவது பார்ப்போம், செய்யலாம் என்றால் அதையே செய்வோம் என்று அவன் பிடிவாதமாக நின்றான். றஞ்சனி மறுக்கவில்லை. கொழும்பு எஞ்சினைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி டிலோனுக்குச் சொன்னாள்.

எஞ்சின் இறக்கின காலையில் எமிலியானுஸ் பழைய சாறம் ஒன்றைக் கட்டிக்கொண்டு கராஜுக்கு வந்துவிட்டான். டிலோன் சங்கிலியால் தூக்கி எடுத்து மரக்கட்டைகள் மேல் வைத்தான். எமிலியானுஸ் மண்ணெண்ணெயில் சீலையை நனைத்து, படிந்திருந்த எண்ணெய்க் கசட்டைத் துடைக்கத் தொடங்கினான். புகைக்குழாய்க்குக் கீழே துடைத்தான். இரும்புதான் வந்தது. இன்னும் கீழே துடைத்தான். மற்றப் பக்கம் போய்த் துடைத்தான். பிறகு குந்தியிருந்தபடியே தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தான்.

“அது அப்பான்ரை எஞ்சின் இல்லை அண்ணை,” என்றாள் றஞ்சனி. “நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது காரிலை எஞ்சினே இல்லை. கூடுதான் வளவுக்கை கிடந்தது.”

“நான் ஒவ்வொரு முறையும் ரெலிபோனிலை கேட்டனானே.”

“கார் ஓடுதோ எண்டு கேட்டனீங்கள். ஓம் எண்டனான். ஓடினதுதானே. எஞ்சின் ஆற்றை எண்டு நீங்கள் கேக்கேல்லை.”

அவள் கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அது பட்டது. சீலையை வாளிக்குள் போட்டுவிட்டுக் கையைக் கழுவினான். கொழும்பு எஞ்சினையே எடுக்கச் சொல்லு என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு, இது யாருடைய எஞ்சின் என்று மட்டும் டிலோனிடம் கேட்டான். வேலணைத் தியாகலிங்கத்தின் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் எஞ்சின் என்றும், இரண்டு காருக்கும் ஒரே கொம்பனி செய்த ஒரே மாதிரி எஞ்சின்தான், மாற்றிப் போட்டால் வெளியில் தெரியாது என்றும் டிலோன் சொன்னான்.

தியாகலிங்கத்தை எமிலியானுஸுக்குத் தெரியும். காணி பூமி உள்ள குடும்பம். அந்தக் காலத்தில் வேலணையில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களில் ஒருவர். வெயில் தாழ அவருடைய வீட்டுக்கு நடந்து போனான். அவர் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து, கால் கழுவி, கதிரை போட்டு இருத்தி, ஆள் யாரென்று விளங்கியதும் முதலில் கேட்டது, எஞ்சின் என்ன சொல்லுது என்பதுதான்.

அவர் சொன்ன கதையை எமிலியானுஸ் அதுவரை கேட்டிருக்கவில்லை.

சனம் திரும்பி வந்த காலத்தில் தீவில் ஓடுகிற வாகனம் விரல்விட்டு எண்ணத்தான் இருந்தது. தியாகலிங்கத்தின் கார்க் கொட்டில் காரின் மேல் விழுந்து பின்பாதி சப்பளிந்து கிடந்தது. எஞ்சின் மட்டும் நல்லாயிருந்தது. ஒருநாள் றஞ்சனி வந்து கேட்டாளாம். கொடுக்க ஒன்றும் இல்லை, ஆனால் கூடு இருக்கு, ஓட்டவும் தெரியும் என்றாளாம். படையினர் ஆம்பிளைகளைச் சோதனைச்சாவடியில் இறக்கி வைத்துக்கொள்ளுகிற காலம். ஒரு பொம்பிளை ஓட்டினால் விடுவார்கள் என்பது அவளுடைய எண்ணம். அவருக்கும் அது சரியென்று பட்டது. வேலணைச் சனம் கூப்பிட்டாலும் வர வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு எஞ்சினைக் கொடுத்தார். மூன்று பனங்குற்றிகளை நட்டுச் சங்கிலி போட்டு இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றினார்கள்.

“வழியிலை சாவடியிலை மறிச்சுப்போட்டாங்கள்,” என்றார் தியாகலிங்கம். “என்ன இரும்பு, எங்கை கொண்டு போறாய் எண்டு கேள்வி. இறக்கச் சொன்னாங்கள். உம்முடை தங்கச்சி இறக்க விடேல்லை. எஞ்சினுக்கு மேலை ஏறி இருந்திட்டா. ஆஸ்பத்திரிக்கு ஆக்களை ஏத்த வாகனம் தாருங்கோ, நான் இறங்கிறன் எண்டா. வெயில் சாயுமட்டும் அப்பிடியே இருந்தா. பிறகு விட்டிட்டாங்கள்.”

அதற்குப் பிறகு அந்தக் கார், பெற்றோல் தட்டுப்பாட்டால், கொஞ்சப் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடியது. இருமிக்கொண்டு வருகிற அதன் சத்தம் தூரத்தில் கேட்டாலே அதே சாவடியில் தடையை உயர்த்தி வைத்துவிடுவார்களாம். தியாகலிங்கத்தின் மனைவி மனோகரி வருத்தம் வந்து படுக்கையில் கிடந்த காலத்தில் எத்தனை தடவை யாழ்ப்பாணம் போய் வந்தார்கள் என்று அவருக்குக் கணக்குத் தெரியாது. ஒரு தடவைகூட றஞ்சனி அவரை முன்பணம் கேட்டதில்லை. மனோகரி கடைசியாக வீட்டுக்கு வந்ததும் அந்தப் பின்சீற்றில்தான் என்றார்.

எமிலியானுஸ் திரும்பி வந்தபோது றஞ்சனி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் இருந்தான். தியாகலிங்கம் சொன்னதைச் சொன்னான். பிறகு, கொழும்பு எஞ்சினுக்கு நாளைக்கே சொல்லிவிடுவோம், அவளுக்குத் தொழில் கெடக்கூடாது என்றான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவன் போன பிறகு அவள் கராஜில்தான் நின்றிருக்கிறாள். இறக்கினதுதானே என்று டிலோன் எஞ்சினைப் பிரித்து ஒரு சாக்கில் பரப்பி வைத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். இத்தனை வருடம் காலால் மிதித்தும் காதால் கேட்டும் பழகியதே தவிர, அதன் உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. நாலு பிஸ்ரனும் கரி பிடித்து, பக்கமெல்லாம் கீறி, சாக்கில் வரிசையாக நின்றன. அதைப் பார்க்க அந்தக் காலத்து முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்ததாம். பின்சீற்றில் பிறந்த பிள்ளை. பாலம் தாண்டும் முன்னமே மூச்சு நின்றுபோன மடத்துவெளிக் கிழவர். மழையில் முன் கண்ணாடியால் ரோட்டுத் தெரியாமல் ஒரு பாதிரியார் வெளியில் இறங்கி வழிகாட்டி நடந்தது.

“புதுசு வேண்டாம் அண்ணை. இதையே செய்விப்பம்.”

“எனக்காண்டிச் சொல்லாதை. அது அப்பான்ரையும் இல்லை.”

“உங்களுக்காண்டி இல்லை. எனக்காண்டித்தான்.”

அவன் ரிக்கற்றைத் தள்ளிப் போட்டான். தீவுப்பகுதிச் சனம் அந்த நாட்களில் ஓட்டோவில் போனது. சிலர் முணுமுணுத்தார்கள். றஞ்சனி பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். டிலோன் சிலிண்டரைக் கடைவிக்க யாழ்ப்பாணம் கொண்டுபோனான். பிஸ்ரனும் ரிங்கும் கண்டியில் ஒரு கடையில் கிடைத்தன. ஒரு வால்வு தவறாக வந்து திருப்பி அனுப்பி இன்னும் ஒரு கிழமை போயிற்று. அண்ணனும் தங்கச்சியும் கராஜில் முக்காலி போட்டிருந்து திருகாணிகளையும் அவற்றின் சுரைகளையும் மண்ணெண்ணெயில் கழுவினார்கள். அந்த மணம் அவளுக்கு மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தையும் அவனுக்கு அப்பாவோடு இருந்த காலத்தையும் கொண்டுவந்தது. அவன் ஒன்றும் தெரியாதவனாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த முறை அவள்தான் கூடக் கதைத்தாள்.

எஞ்சின் பூட்டி முதல் தடவை எழும்பியபோது புகை வரவில்லை. சத்தமும் மாறியிருந்தது, இருமல் போய் ஒரே சீராக இருந்தது. றஞ்சனி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, வேறை ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு என்றாள். டிலோன் ஒரு கட்டளை போட்டான். உள்ளுக்குள் எல்லாம் புதுசாக உரஞ்சிப் பழக வேண்டும், கொஞ்ச நாளைக்கு மாட்டுவண்டி போல மெல்லத்தான் ஓட வேண்டும், பாரம் ஏற்றக்கூடாது, ஆனால் ஓடாமல் வைக்கவும் கூடாது.

அதனால் பின்னேரங்களில் அவர்கள் இரண்டு பேரும் சும்மா ஓடினார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை, பிறகு புங்குடுதீவுப் பாலம், மடத்துவெளி, குறிகாட்டுவான் இறங்குதுறை, திரும்பி வீடு. பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. சைக்கிள்காரர்கூடச் சிரித்துக்கொண்டு முந்தினார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடலில் கொக்குகள் நின்றன. அந்த வேகத்தில் எல்லாவற்றையும் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது.

அப்படி ஒரு பின்னேரத்தில்தான் எமிலியானுஸ் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டான். இடம்பெயர்ந்து இளவாலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தபோது அவர் காய்ச்சலில் செத்தார். செய்தி நோர்வேக்குப் போய்ச் சேரவே மாதங்கள் ஆயிற்று. காரை விட்டுவிட்டு வந்த கவலைதான் அவரைத் தின்றிருக்கும் என்று எமிலியானுஸ் இத்தனை காலமும் நினைத்திருந்தான்.

“காரைப் பற்றி அப்பா ஒருநாளும் கதைக்கேல்லை,” என்றாள் றஞ்சனி, ரோட்டில் கண் வைத்தபடி. “மார்கழியிலை அங்கை வெயிலே எறிக்காது எண்டு நீங்கள் ஒருக்கால் சொல்லி அனுப்பினனீங்கள். அதுதான் அவருக்குக் கவலை. காலமை எழும்பினவுடனை என்னைக் கேப்பார், அவனுக்கு இப்ப விடிஞ்சிருக்குமோ எண்டு. நான் ஓம் அப்பா, விடிஞ்சிட்டுது எண்டுவன். பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார்.”

எமிலியானுஸ் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியில் பார்த்துக்கொண்டு வந்தான்.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகு வந்து கட்டிக்கொண்டிருந்தது. கடைசி பஸ் போய்விட்டது. பனையோலை உமலும் பையுமாக ஒரு அம்மா காரைக் கண்டு ஓடி வந்து வேலணைக்குப் போக வேணும் என்றார். இன்னும் ஆள் ஏற்றுவதில்லை, மெல்லத்தான் போகும் என்று றஞ்சனி விளக்கினாள். தனக்கு அவசரமில்லை, வீட்டில் பார்த்திருக்க ஆளுமில்லை என்று அவர் பின்கதவைத் திறந்தார். ஒரு ஆள்தானே, பாரமில்லை என்று எமிலியானுஸ் தங்கச்சியிடம் சொன்னான். சொல்லிக்கொண்டே இறங்கி, அவருடைய உமலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு திரும்ப ஏறினான். உள்ளே இருந்த மீனிலிருந்து தண்ணீர் கசிந்து அவனுடைய காற்சட்டையை நனைத்தது. அவன் அதை நகர்த்தவில்லை.

றஞ்சனி கியரைப் போட்டாள். கார் இறங்குதுறையை விட்டு மெல்ல நகர்ந்தது.