அவ்வளவு பக்கம்

கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று ஒதில் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரித் தூறலில் எல்லாருடைய கையும் சில்லிட்டிருந்தது. அவளுக்குப் பாதிப்பேரைத் தெரியவில்லை. அப்பா ரொலான், மெலன் நகராட்சி நீச்சல் குளத்தில் ஓய்வுபெறும்வரை பயிற்சியாளராக இருந்தவர். வந்தவர்களில் பலர் அவரிடம் நீந்தக் கற்றவர்கள். தலை நரைத்த ஒருவர், தன்னை முதல் நாள் தண்ணீரில் தள்ளிவிட்டதற்கு இன்னும் அவர்மேல் கோபம்தான் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி தியரி வர முடியவில்லை. மாண்ட்ரியாலில் பனிப்புயல், விமானங்கள் நின்றுவிட்டன. அவன் கோடைதோறும் குடும்பத்தோடு வந்து அப்பாவுடன் முழு மாதம் தங்குவான். ஜன்னல் கதவுகளுக்கு வர்ணம் அடித்துவிட்டுப் போவான். ஒதில் பாரிஸில் இருந்தாள். ரயில் ஏறி ஒரு பத்திரிகையைப் புரட்டி முடிப்பதற்குள் மெலன் வந்துவிடும். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகும். கிறிஸ்துமஸுக்கு வருவாள். அவர் பிறந்தநாளுக்கு வருவாள், சில வருடம் அதுவும் இல்லை.

அப்பா இறந்த அன்று காலை அவர் வீட்டு ஜன்னல் கதவுகள் திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டு லூர்தெஸ்தான் கவனித்தாள். தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனாள். அவள் போன் செய்து ஒரு மணி நேரத்துக்குள் ஒதில் வந்து சேர்ந்துவிட்டாள். அவ்வளவு பக்கம்.

வரிசையின் கடைசியில் பேக்கரிக்கார அம்மாள் வந்தாள். இரண்டு கைகளாலும் ஒதிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதேம்மா. உன்னை மாதிரி யாரு இருக்கா? ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பாத்துக்கிட்டியே. 'எம் பொண்ணு வர்றா, அவளுக்கு எலுமிச்சை கேக் குடு'ன்னு வந்து நிப்பாரு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவருக்கு."

ஒதில் அந்த முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் லூர்தெஸ் குடையைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா," என்றாள் ஒதில். "எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

வீட்டில் எல்லாரும் காபி குடித்துவிட்டுப் போன பிறகு லூர்தெஸ் மட்டும் இருந்தாள். போர்ச்சுகலிலிருந்து கல்யாணமாகி வந்தவள், தெருவிலேயே பழைய ஆள். கோப்பைகளைக் கழுவினாள். ஒதில் துடைத்தாள்.

"அந்தக் கேக்கையெல்லாம் என்ன பண்ணுவாரு?" என்றாள் ஒதில்.

லூர்தெஸ் குழாயை மூடினாள்.

"நான்தான் தின்னேன். நான் சர்ச்சுலேர்ந்து வந்ததும் வேலிக்கு மேல எட்டிக் கூப்பிடுவாரு. எனக்குப் புளிப்பே ஆகாது."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? ரெண்டு தட்டு எடுத்து வச்சிருப்பாரு."

பிறகு அவளே, ஒதில் எதுவும் கேட்காமல், அடுப்பு மேடையைத் துடைத்தபடி சொல்லிக்கொண்டு போனாள். சாப்பிடும்போது ஒதிலைப் பற்றித்தான் பேசுவாராம். இப்போதுதான் எழுந்து போனாள் என்பதுபோல. மகள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள், மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறதாம், சூப்பில் உப்பு அதிகம் என்று திட்டினாள் என்றெல்லாம். லூர்தெஸின் சமையலறை ஜன்னலிலிருந்து இந்த வாசற்கதவு நன்றாகத் தெரியும். அதை அவள் ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை.

"போன வாரம் ரொம்பக் கவலையா இருந்தாரு," என்றாள். "உங்க ஆபீஸ்ல புதுசா வந்தவ உங்களைப் பாடாப் படுத்துறாளாமே. உங்களுக்குத் தூக்கமே இல்லைன்னாரு."

ஒதிலின் ஆபீஸில் யாரும் புதிதாக வரவில்லை. கையிலிருந்த கோப்பை காய்ந்துவிட்டிருந்தது. இன்னும் அதையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பப் பரவால்ல," என்றாள். "வேற கிளைக்கு மாத்திட்டாங்க அவளை."

லூர்தெஸ் தலையாட்டினாள். "நல்லதாப் போச்சு. அவரு கேட்டிருந்தா நிம்மதியாயிருப்பாரு."

அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டாள். தன் வீட்டிலேயே இரவு தங்கிவிட்டுப் போகலாம் என்றாள். காலையில் வேலை இருக்கிறது என்று ஒதில் சொன்னாள். லூர்தெஸ் வற்புறுத்தவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பாரிஸ் பக்கம் போகும் ரயில் காலியாக இருந்தது. ஒதில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் பாரிஸிலிருந்து வந்த ரயில் நின்று, வேலை முடிந்தவர்கள் கும்பலாக இறங்கி, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வேகவேகமாகக் கலைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நடைமேடை வெறிச்சோடியது. வேலிக்கு அப்பால், நின்றிருந்த காரின் கதவை ஒரு பெண் உள்ளிருந்தபடியே எட்டித் திறந்துவிட்டாள். ஓர் ஆள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினான். கார் உடனே கிளம்பவில்லை. உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் ஏதோ சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்தது.