நூலை விட்டு விலகிய விமானம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, மருந்துக்கடை வைத்திருக்கும் என் தம்பி, பள்ளியில் புவியியல் நடத்தும் அவன் மனைவி, எங்கள் சம்பந்தி அம்மாள். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை நம்ப வேண்டாம்.

என் மகள் ஏழு மாதக் குழந்தையோடு வெளிநாட்டிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தாள். விமானம் எங்கள் நேரப்படி காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. பதினான்கே முக்கால் மணி நேரப் பயணம். தூரம் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் என்று விமான நிறுவனம் சொன்னது. நான் முப்பத்தொரு வருடம் நிலம் அளந்தவன். சுவரில் இருந்த உலகப் படத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டினேன். பதினாறாயிரம் வந்தது. பிழை அவர்களுடையது என்று முடிவு செய்து, நூல் நெடுக மணிக்கு ஒரு குண்டூசி குத்தினேன். என் அளவைத் திருத்தும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பகல் பன்னிரண்டு மணிக்கு விமானம் ஆறாவது ஊசியில், கடலுக்கு மேலே இருக்க வேண்டும். விமானம் எங்கே போகிறது என்று கைபேசியில் பார்த்த தம்பியின் முகம் வெளுத்தது.

“அண்ணே, இது வடக்கால போய் நிக்குது. கீழ வெறும் பனிக்கட்டி.”

வாங்கிப் பார்த்தேன். ஊர் பெயர் ஒன்றும் இல்லாத வெள்ளைப் பரப்பில் ஒரு புள்ளி. “வழி தப்பிட்டான்” என்றேன். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“கைக்குழந்தையோட தனியா வராதேன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே!” என்றார் சம்பந்தி.

“டிக்கெட் எடுத்துக் குடுத்தது உங்க பையன்தானேம்மா” என்றான் தம்பி.

தம்பி மனைவி ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் நூலையும் எடுத்து வந்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க மாமா. பூமி உருண்டை. இதுல நூல இழுத்துப் பிடிச்சா, குறுக்கு வழி வடக்கு வழியாத்தான் போகும். தட்டையான படத்துல அது தெரியாது.”

“காலையிலயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க ஊசி குத்திக்கிட்டு இருந்தீங்க.”

எனக்கு மூச்சு திரும்பியது. ஆனால் ஒன்றே முக்கால் மணிக்குத் தம்பி மறுபடி கத்தினான். உயரம் முப்பத்தாறாயிரம் அடி என்றிருந்தது இருபதாயிரம் ஆனது, ஒன்பதாயிரம் ஆனது. பிறகு புள்ளியே இல்லை. ஆரஞ்சுப் பழத்தில் அதற்கு விடை இல்லை.

இரண்டு மணி நேரம். விமான நிறுவனத்தின் எண்ணில் பாட்டுதான் கேட்டது. அதுவரை வாய் ஓயாத சம்பந்தி என் மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பேத்தியை நான் இன்னும் ஒரு முறைகூடத் தூக்கியதில்லை. சுவரில் குத்திய ஊசிகளை மறுபடி மறுபடி எண்ணினேன்.

மூன்றே முக்காலுக்கு மகள் அழைத்தாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“அப்பா, பயந்துட்டீங்களா?”

“எதுக்குப் பயப்படணும்? பாப்பாவுக்குப் பால் குடுத்தியா?” என்றேன்.

புருஷனோடு சண்டை போட்டுவிட்டு அவள் பாதி வழியில் இறங்கிக்கொண்டாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்ததால் விமானத்தை வழியில் இறக்கினார்கள். அது மறுபடி கிளம்பும்வரை என் மகள் இருக்கையை விட்டு எழவே இல்லை.